கணினி விளையாட்டுகளில் திரை விகிதமும் பார்வைப்புலமும்: பொருத்தும் முறையும் ஆய்வுப் பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

முப்பரிமாணக் கணினி விளையாட்டின் காட்சி எல்லாத் திரைகளிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. திரையின் அகல உயர விகிதம் மாறும்போது, விளையாட்டின் மெய்நிகர்ப் படக்கருவி காணும் கோணமும் மாற வேண்டியுள்ளது. அவ்வாறு மாறும்போது கிடைக்கோணம், குத்துக்கோணம் ஆகிய இரண்டில் எதனை நிலையாக வைப்பது என்பது விளையாட்டை உருவாக்குவோர் மேற்கொள்ளும் தெரிவாகும். இத்தெரிவின் கணித அடிப்படையையும், அது விளையாடுவோருக்கிடையே உண்டாக்கும் ஏற்றத்தாழ்வையும் மதுரை வட்டாரக் காட்சிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. விளையாட்டுகளைப் பனுவல்களாகக் கொண்டு ஆராய்வோர், காட்சிச் சான்றுகளுடன் திரை விகிதத்தையும் பார்வைக்கோணத்தையும் பதிவு செய்தல் வேண்டும் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கணினி விளையாட்டு, திரை விகிதம், பார்வைப்புலம், கிடைக்கோணம், குத்துக்கோணம், காட்சி வேறுபாடு, மதுரை.

1. முன்னுரை

பரவை, மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில், வைகையின் வடகரைப் பகுதியில் அமைந்த ஊராகும். பரவை என்னும் சொல்லுக்குப் பரப்பு, கடல் ஆகிய பொருள்கள் உண்டு. இவ்வூரின் சமவெளியிலிருந்து தெற்கே நோக்கினால் ஆற்றுக்கு அப்பால் நாகமலை நீண்டு கிடப்பதைக் காணலாம். மதுரை நகருக்குள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மலை கிடையாக விரிவது. கோபுரம் குத்தாக உயர்வது. இவ்விரண்டையும் ஒரே கணினி விளையாட்டில் அமைக்க முற்படுபவர், எத்திரையில் எது முழுமையாகத் தெரியும், எது வெட்டுப்படும் என்னும் வினாவை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

இவ்வினா தொழில்நுட்பவியலாருக்கு மட்டும் உரியதன்று. இன்று இலக்கியம், பண்பாடு, ஊடகம் சார்ந்த துறைகளில் கணினி விளையாட்டும் ஆய்வுப்பொருளாகி வருகிறது. ஒரு விளையாட்டின் காட்சியைச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர் கண்ட காட்சியும், அதே இடத்தை வேறு திரையில் காணும் வாசகர் காணும் காட்சியும் வேறுபடக்கூடும். அவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றுகிறது என்பதை அறியாவிடில் சான்றின் மதிப்பை அளவிட இயலாது. எனவே அடிப்படைக் கருத்துகளை முதலில் விளக்கி, பின்னர் அவற்றின் விளைவுகளையும் பதிவுமுறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கலைச்சொற்கள்

திரையின் அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம் இங்குத் திரை விகிதம் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்றே வழங்குகிறது. பழைய கணினித் திரைகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் அமைந்தன. இன்றைய மேசைக்கணினித் திரைகளிலும் தொலைக்காட்சிகளிலும் 16:9 பரவலாக உள்ளது. மடிக்கணினிகள் சிலவற்றில் 16:10 விகிதமும், மிகை அகலத் திரைகளில் ஏறத்தாழ 21:9 விகிதமும், திறன்பேசிகளைக் கிடையாகப் பிடிக்கும்போது 20:9 அல்லது அதற்கு நெருங்கிய விகிதமும் காணப்படுகின்றன.

விளையாட்டின் உலகில் மெய்நிகர்ப் படக்கருவி ஒரே நேரத்தில் காணக்கூடிய பரப்பு பார்வைப்புலம் ஆகும். இது கோணத்தால் அளக்கப்படுகிறது. இடமிருந்து வலமாக அளக்கும் கோணம் கிடைக்கோணம் என்றும், மேலிருந்து கீழாக அளக்கும் கோணம் குத்துக்கோணம் என்றும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன. விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் 90 என்று ஓர் எண் மட்டும் தரப்பட்டிருந்தால், அது எந்தக் கோணத்தைக் குறிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கிடையில் 90 பாகையும் குத்தில் 90 பாகையும் பெரிதும் வேறுபட்ட காட்சிகளைத் தருவன.

3. விகிதத்திற்கும் கோணத்திற்கும் உள்ள கணிதத் தொடர்பு

படக்கருவியைக் கூம்பின் முனையாகவும் திரையை அதற்கு எதிரே நிறுத்திய செவ்வகச் சாளரமாகவும் கருதலாம். சாளரத்தின் வடிவம் திரை விகிதத்தால் அமைகிறது. கண்ணிலிருந்து சாளரத்தின் விளிம்புகளுக்குச் செல்லும் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணமே பார்வைக்கோணம். எனவே கிடைக்கோணத்தில் பாதியின் டேன் மதிப்பு, குத்துக்கோணத்தில் பாதியின் டேன் மதிப்பைத் திரை விகிதத்தால் பெருக்கக் கிடைப்பதற்குச் சமமாகும்.

இங்குக் கோணங்களை நேரடியாகப் பெருக்குதல் கூடாது என்பது கவனத்திற்குரியது. 4:3 திரையில் கிடைக்கோணம் 90 பாகை எனக் கொள்வோம். அதன் பாதி 45 பாகை. அதன் டேன் மதிப்பு 1. அதனை 4/3 ஆல் வகுக்க 0.75 கிடைக்கும். அதற்குரிய கோணத்தை இரட்டிக்கக் குத்துக்கோணம் 73.74 பாகையாகிறது. இக்குத்துக்கோணத்தை மாற்றாமல் திரையை மட்டும் மாற்றினால் கிடைக்கோணம் பின்வருமாறு அமையும்.

5:4 திரையில் 86.3 பாகை
4:3 திரையில் 90 பாகை
16:10 திரையில் 100.4 பாகை
16:9 திரையில் 106.3 பாகை
20:9 திரையில் 118.1 பாகை

மாறாகக் கிடைக்கோணத்தை 90 பாகையாகவே நிலைநிறுத்தினால், குத்துக்கோணம் 4:3 திரையில் 73.7 பாகையாகவும், 16:9 திரையில் 58.7 பாகையாகவும், 20:9 திரையில் 48.5 பாகையாகவும் குறைகிறது. முதல் முறையில் அகலமான திரை கூடுதலாகக் காட்டுகிறது. இரண்டாம் முறையில் அதே அகலமான திரை குறைவாகக் காட்டுகிறது. இருவேறு பயன்களும் ஒரே வாய்பாட்டிலிருந்து பிறப்பன. எது நிகழும் என்பதை வாய்பாடு முடிவு செய்வதில்லை. நிலையாக வைக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட கோணமே முடிவு செய்கிறது.

4. பொருத்தும் முறைகள்

திரை மாறும்போது காட்சியைப் பொருத்தும் முறைகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, அகல விரிவு முறை. விளையாடுவோரிடையே இது ஹார் பிளஸ் எனப்படும். குத்துக்கோணம் நிலையாக இருக்க, அகன்ற திரையில் இருபக்கங்களிலும் கூடுதல் காட்சி சேர்கிறது.

இரண்டாவது, உயரக் குறைப்பு முறை. இது வெர்ட் மைனஸ் எனப்படும். கிடைக்கோணம் நிலையாக இருக்க, அகன்ற திரையில் மேலும் கீழும் காட்சி வெட்டுப்படுகிறது.

மூன்றாவது, இழுப்பு முறை. காட்சி ஒரு விகிதத்திற்கு வரையப்பட்டு வேறு விகிதமுள்ள திரை முழுவதும் இழுத்து நிரப்பப்படுகிறது. 4:3 காட்சியை 16:9 திரையில் இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகும், வட்டம் நீள்வட்டமாகும்.

நான்காவது, கருப்பட்டை முறை. காட்சியின் விகிதம் மாற்றப்படாமல், எஞ்சிய திரைப்பகுதி கருமையாக விடப்படுகிறது.

தமிழ்த் திரைப்படப் பார்வையாளர்கள் இம்முறைகளில் சிலவற்றை விளையாட்டுகளுக்கு முன்பே கண்டறிந்தவர்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் திரைப்படமான ராஜராஜ சோழன் 1973இல் வெளிவந்தது. சினிமாஸ்கோப் படத்தின் விகிதம் ஏறத்தாழ 2.35:1. இவ்வகைப் படத்தை 4:3 தொலைக்காட்சியில் காட்ட இரண்டே நேரிய வழிகள் இருந்தன. மேலும் கீழும் கருப்பட்டை விட்டால் படம் திரை உயரத்தில் 57 விழுக்காட்டை மட்டுமே நிரப்பும். திரையை முழுமையாக நிரப்பினால் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 43 விழுக்காடு இழக்கப்படும்; பக்கவாட்டில் நிற்கும் நடிகர் காட்சியிலிருந்தே மறைவார்.

ஆயினும் திரைப்படத்திற்கும் விளையாட்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. திரைப்படத்தின் சட்டகம் படப்பிடிப்பின்போதே முடிவாகிவிடுகிறது; அதற்கு வெளியே காட்டுவதற்கு எதுவும் இல்லை. முப்பரிமாண விளையாட்டிலோ காட்சி ஒவ்வொரு நொடியும் பலமுறை புதிதாக வரையப்படுகிறது. சட்டகத்திற்கு வெளியேயும் உலகம் உள்ளது. ஆகவே புதிய திரைக்கு உண்மையாகவே கூடுதல் காட்சியைத் தர இயலும். இயலும்போதும் தராமல் விடுவது ஒரு முடிவாகிறது.

இருபரிமாண விளையாட்டுகள் இவ்வகையில் திரைப்படத்திற்கு நெருங்கியவை. கனடாவின் டொராண்டோ நகரைச் சார்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட வெண்பா, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் வாழ்வைச் சமையல் வழியே கூறும் விளையாட்டாகும். இதன் காட்சிகள் வரையப்பட்ட ஓவியங்கள். இத்தகைய விளையாட்டில் பார்வைக்கோணம் என்னும் சிக்கல் எழுவதில்லை. வரையப்பட்ட எல்லைக்கு அப்பால் என்ன செய்வது என்னும் சிக்கல் மட்டுமே எழுகிறது.

5. நாகமலையும் கோபுரமும்: இரு கணக்கீடுகள்

மேற்கண்ட முறைகளின் விளைவை விளக்க, மதுரைக் காட்சிகள் இரண்டைக் கொள்ளலாம். முதலாவது மலைக்காட்சி. பரவைச் சமவெளியை மாதிரியாகக் கொண்ட விளையாட்டில், பார்வையாளருக்கு நேர் எதிரே 2 கிலோமீட்டர் தொலைவில், 4 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு மலைத்தொடர் அமைக்கப்பட்டதாகக் கருதுவோம். இவை கணக்கிற்காகக் கொண்ட அளவுகளே. நாகமலையின் அளவுகள் அல்ல. கிடைக்கோணம் 90 பாகை கொண்ட 4:3 திரையில் இத்தொடர் முனையிலிருந்து முனை வரை சரியாக அடங்கும். அகல விரிவு முறையில் 16:9 திரைக்கு மாறினால் அதே தொலைவில் 5.33 கிலோமீட்டர் அகலம் தெரியும். மலை முழுவதும் தெரிவதோடு அதன் இருபுறமும் வெளியும் தெரியும். அதே குத்துக்கோணத்துடன் திறன்பேசியை நெடுக்காகப் பிடித்தால் விகிதம் 9:20 ஆகிறது, கிடைக்கோணம் 37.3 பாகையாகச் சுருங்குகிறது; தெரியும் அகலம் 1.35 கிலோமீட்டர் மட்டுமே. நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒரு குன்றாகத் தோற்றமளிக்கும்.

இரண்டாவது கோபுரக்காட்சி. 52 மீட்டர் உயரக் கோபுரத்தை, தரையிலிருந்து 1.6 மீட்டர் கண்மட்டத்தில், படக்கருவியை மேல்நோக்கிச் சாய்க்காமல் முழுமையாகக் காண எவ்வளவு பின்வாங்க வேண்டும்? கண்மட்டத்திற்கு மேலுள்ள உயரம் 50.4 மீட்டர். கிடைக்கோணம் 90 பாகையாக நிலைநிறுத்தப்பட்டால், 4:3 திரையில் 67 மீட்டரும், 16:9 திரையில் 90 மீட்டரும், 20:9 திரையில் 112 மீட்டரும் பின்வாங்க வேண்டும். சித்திரை வீதியின் அகலத்திற்குள் இத்தொலைவு கிடைப்பதில்லை. எனவே விளையாடுபவர் படக்கருவியை மேல்நோக்கிச் சாய்த்தே கோபுரத்தைக் காண்பார். அப்போது கோபுரத்தின் விளிம்புகள் இயல்பினும் மிகுதியாக ஒன்றையொன்று நோக்கிக் குவிந்து தோன்றும். திரை அகலுந்தோறும் சாய்க்க வேண்டிய தேவையும் மிகுகிறது.

மலைக்கு ஏற்ற முறை கோபுரத்திற்கு ஏற்றதாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. குத்துக்கோணத்தை நிலைநிறுத்தும் அகல விரிவு முறையில் கோபுரம் எல்லாக் கிடைத்திரைகளிலும் ஒரே தொலைவில் அடங்கும். கூடுதல் அகலம் மலைக்குப் பயன்படும். இக்காரணத்தால் கிடைத்திரைகளுக்கு இம்முறை பொதுவாக ஏற்புடையதாகிறது. நெடுக்குத் திரைகளுக்கோ கிடைக்கோணத்திற்கு ஒரு கீழ்வரம்பு வகுக்காவிடில் காட்சி குறுகிய பிளவாகிவிடும். எனவே ஒரே விதியை எல்லாத் திரைக்கும் இடுவதினும், திரை குறிப்பிட்ட விகிதத்தைக் கடக்கும்போது நிலையாக வைக்கும் கோணத்தை மாற்றுவது பொருத்தமாகும்.

6. இயல்பமைவுகளும் வரலாறும்

நடைமுறையில் இத்தெரிவைப் பல நேரங்களில் மென்பொருளின் இயல்பமைவே செய்துவிடுகிறது. யூனிட்டி பொறியில் பார்வைக்கோணம் இயல்பாகக் குத்துக்கோணமாகவே கொள்ளப்படுகிறது. கோடோ பொறியின் முப்பரிமாணப் படக்கருவியும் உயரத்தை நிலையாகக் கொள்கிறது. அன்ரியல் பொறியின் நான்காம் பதிப்பு கிடைக்கோணத்தை நிலையாகக் கொண்டது. ஆகவே ஒரே மதுரைக் காட்சியை இருவேறு பொறிகளில் அமைத்து, அமைப்புகளை மாற்றாமல் விட்டால், அகன்ற திரையில் ஒன்று விரியும், மற்றொன்று வெட்டுப்படும். உருவாக்கியவர் இதைப் பற்றிச் சிந்திக்காமலேயே இவ்வேறுபாடு நேர்ந்துவிடுகிறது.

விளையாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள. 1993இல் வெளிவந்த டூம், 320×200 படப்புள்ளிகளை 4:3 திரையில் காட்டியது. இப்படப்புள்ளிகளின் எண்ணிக்கை விகிதம் 1.6, திரையின் விகிதமோ 1.33. எனவே ஒவ்வொரு படப்புள்ளியும் அகலத்தினும் 1.2 மடங்கு உயரமாகத் தோன்றியது. இதனை அறியாது சதுரப் படப்புள்ளிகளாகக் காட்டினால் உருவங்கள் ஆறில் ஒரு பங்கு குட்டையாகும். பழைய விளையாட்டுகளின் படங்களை இன்றைய திரையிலிருந்து எடுத்து மேற்கோள் காட்டுவோர் இதனைச் சரிபார்க்க வேண்டும்.

அகலத்திரைகள் பரவத் தொடங்கிய காலத்தில், 2007இல் வெளிவந்த பயோஷாக் உயரக் குறைப்பு முறையைப் பின்பற்றியது. புதிய அகலத்திரை வாங்கியவர் பழைய 4:3 திரை வைத்திருப்பவரினும் குறைவாகக் காண நேர்ந்தது. விளையாடுவோர் எதிர்ப்புத் தெரிவிக்க, பின்னர் இதனை மாற்றும் வசதி இற்றைப்படுத்தலில் சேர்க்கப்பட்டது. 2012இல் வெளிவந்த கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் அகல விரிவு முறையைக் கொண்டது, 4:3 திரையில் 90 பாகையும் 16:9 திரையில் 106 பாகையும் காட்டியது. ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் 4:3 காட்சியை 16:9 திரையில் இழுத்து ஆடுவதை விரும்பினர். பக்கக் காட்சியை இழந்தாலும் எதிராளியின் உருவம் அகன்று தோன்றுவதை அவர்கள் நன்மையாகக் கருதினர். வடிவம் பிறழ்வதையும் பயனாகக் கொள்ளும் நிலை இது.

7. திரையும் நேர்மையும்

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் திரைகள் வந்த வழி ஒரே சீரானதன்று. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் பெட்டிகளை வழங்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி அகலத்திரை மாணவர் கைகளுக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து திறன்பேசி பரவியது. அதன் திரையோ 16:9 இலிருந்து 18:9 ஆகவும் 20:9 ஆகவும் நீண்டுகொண்டே சென்றது. ஒரே தெருவில் வசிக்கும் இருவர் ஒரே விளையாட்டை வெவ்வேறு விகிதத் திரைகளில் ஆடுவது இன்று இயல்பு.

பலர் ஒன்றாக ஆடும் போட்டி விளையாட்டில் இவ்வேறுபாடு நேர்மை பற்றிய சிக்கலாகிறது. பப்ஜி மொபைல் இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் பெயரில் அதன் இந்திய வடிவம் 2021 சூலையில் வெளிவந்தது. இவ்விளையாட்டை ஆடும் இளைஞரிடையே ஐபேட் வியூ என்னும் தொடர் பரவலாக வழங்குகிறது. 4:3 விகிதத்தை ஒட்டிய கைக்கணினித் திரையில், நீண்ட திறன்பேசித் திரையினும் மேலும் கீழும் கூடுதல் காட்சி தெரிவதையே இத்தொடர் குறிக்கிறது.

இதன் அளவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். கிடைக்கோணம் இரு கருவிகளிலும் 90 பாகையாக நிலைநிறுத்தப்பட்டதாகக் கொள்வோம். 50 மீட்டர் தொலைவில் 4:3 திரை 75 மீட்டர் உயரப் பரப்பைக் காட்டும். 20:9 திரை 45 மீட்டரை மட்டும் காட்டும். மாடியில் ஒளிந்திருப்பவரும் காலடியில் கிடக்கும் பொருளும் ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். இக்கூடுதல் காட்சியைத் திறன்பேசியிலும் பெறுவதற்காக விளையாட்டின் கோப்புகளை மாற்றுவோர் உண்டு, அது விதிமீறலாகும். கைக்கணினி வைத்திருப்பவரோ எவ்விதியையும் மீறாமலேயே அந்நன்மையைப் பெறுகிறார். விலை மிகுந்த கருவி கூடுதலான காட்சியையும் விலைக்குத் தருவதாக ஆகிறது.

எனவே போட்டி விளையாட்டுகளுக்கு, எவ்விகிதத் திரையிலும் காட்சிப்பரப்பு குறிப்பிட்ட மேல்வரம்பைத் தாண்டாதவாறு அமைத்தல் ஏற்புடையது. கருப்பட்டை அழகாக இல்லை என்று ஒதுக்கப்படுவதுண்டு. ஆயினும் நேர்மையை நாடும் இடத்தில் அதுவே தக்க தீர்வாக அமையக்கூடும். தனியொருவர் கதைப்போக்கில் ஆடும் விளையாட்டிற்கு இவ்வரம்பு தேவையில்லை.

8. பார்வைக்கோணத்தின் மேல்வரம்பும் உடல்நலமும்

கூடுதலாகக் காண்பது நன்று எனில், கோணத்தை விரும்பியவாறு பெருக்கலாமே என்னும் ஐயம் எழலாம். தட்டைத்திரையில் முப்பரிமாண உலகை வரையும் முறை அதற்கு இடம் தருவதில்லை. காட்சியின் நடுவிலுள்ள பொருளை ஒப்பிட, விளிம்பிலுள்ள பொருள் வெளிநோக்கி இழுபட்டுத் தோன்றுகிறது. கிடைக்கோணம் 90 பாகையாயின் விளிம்பில் இவ்விழுப்பு 2 மடங்கு, 106.3 பாகையாயின் 2.8 மடங்கு, 118.1 பாகையாயின் 3.8 மடங்கு. திரையின் அளவு மாறாதிருக்கக் கோணத்தை மட்டும் பெருக்கினால் நடுவிலுள்ள பொருள்களும் சிறுத்துவிடும்.

மற்றொரு கூறு, விளையாடுபவரின் கண்முன் திரை உண்மையில் அடைத்துக்கொள்ளும் கோணமாகும். 24 அங்குல 16:9 திரையை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது கிடையாக ஏறத்தாழ 48 பாகையை அடைக்கும். 14 அங்குல மடிக்கணினியை 50 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் 34 பாகை, 6.5 அங்குலத் திறன்பேசியை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் 28 பாகை. 32 அங்குலத் தொலைக்காட்சியை 2.5 மீட்டர் தொலைவிலிருந்து கண்டால் 16 பாகை மட்டுமே. விளையாட்டின் கோணம் பெரும்பாலும் இதனினும் பெரிதாகவே உள்ளது. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளி மிகும்போது சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன. திரைக்கு அருகே அமர்ந்து ஆடுவோருள் சிலர் குறுகிய கோணத்தால் இத்தகைய தொல்லை அடைவதும், கோணத்தைச் சற்று விரித்தபின் அது குறைவதும் உண்டு. எனவே தனியாள் விளையாட்டுகளில் கோணத்தை மாற்றும் வசதியை வழங்குவது உடல்நலம் சார்ந்த தேவையுமாகும்.

9. ஆய்வாளருக்கான பதிவுமுறை

இதுகாறும் கண்டவற்றால், ஒரு விளையாட்டின் காட்சி என்பது ஒரே வடிவில் நிலைத்த ஒன்றன்று என்பது தெளிவாகிறது. தமிழாய்வு மரபிற்கு இந்நிலை புதிதன்று. சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்தோர் பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளைக் கண்டறிந்தனர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர். அவருடைய பதிப்புகள் பிரதிபேதங்களைக் குறித்துக் காட்டும் நெறியைத் தமிழில் நிலைபெறச் செய்தன. எப்பிரதியைக் கண்டு எழுதுகிறோம் என்று கூறுவது பதிப்பாய்வின் அடிப்படை நேர்மை. விளையாட்டாய்விலும் எத்திரையில் கண்டு எழுதுகிறோம் என்று கூறுவது அதற்கு இணையானது.

ஒரு வேறுபாட்டையும் இங்குச் சுட்ட வேண்டும். பாடவேறுபாடு பெரும்பாலும் படியெடுத்தலில் நேர்வது. மூலத்தை அணுகுவதே பதிப்பாசிரியரின் நோக்கம். விளையாட்டின் காட்சி வேறுபாடோ மூலத்திலேயே அமைந்தது. 4:3 காட்சி மூலம், 16:9 காட்சி திரிபு என்று கூற இயலாது. எனவே ஆய்வாளர் செய்ய வேண்டுவது ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்குவதன்று. தாம் கண்டது எது என்பதைப் பிறர் மீண்டும் பெறத்தக்க வகையில் குறிப்பதேயாகும்.

அதற்குப் பின்வரும் நடைமுறை உதவும்.

அ) திரையின் இயல்பான படப்புள்ளி எண்ணிக்கையைக் கண்டறிந்து விகிதத்தைக் கணக்கிடுதல். 1024×768 என்பது 4:3. 1280×800 என்பது 16:10. 1366×768, 1920×1080 ஆகியன 16:9.

ஆ) விளையாட்டு தரும் பார்வைக்கோண எண் கிடைக்குரியதா குத்துக்குரியதா என்பதையும், எவ்விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதையும் அறிதல். சில விளையாட்டுகள் 16:9 திரையிலும் 4:3 திரைக்குரிய எண்ணையே காட்டுகின்றன.

இ) வட்டச் சோதனை செய்தல். சக்கரம், நிலவு போன்ற வட்டப் பொருளொன்றைத் திரையின் நடுவே நேராக நிறுத்தி, அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளத்தல். இரண்டும் சமமாயின் இழுப்பு இல்லை. விளிம்பிலுள்ள பொருளை இதற்குக் கொள்ளுதல் கூடாது. விளிம்பில் இயல்பாகவே இழுப்பு உண்டு.

ஈ) இயலுமாயின் இரண்டு விகிதங்களில் ஒரே இடத்தைக் கண்டு, பக்கங்கள் விரிகின்றனவா, மேலும் கீழும் குறைகின்றனவா என்பதைக் குறித்தல்.

உ) விளையாட்டின் பெயர், பதிப்பு எண், கருவி, படப்புள்ளி எண்ணிக்கை, விகிதம், இரு கோணங்கள், பொருத்தும் முறை ஆகியவற்றைக் காட்சியின் அடியில் பதிதல்.

இவ்வகைப் பதிவு ஒரு வரியில் அடங்கக்கூடியது. சான்றாக, “14 அங்குல மடிக்கணினி; 1366×768; 16:9; கிடைக்கோணம் 90 பாகை, குத்துக்கோணம் 59 பாகை; உயரக் குறைப்பு முறை” என்று எழுதலாம். கோபுரத்தின் உச்சி காட்சியில் இல்லாததை அழகியல் நோக்கமாக விளக்க முற்படும் ஆய்வாளர், அது விளையாட்டின் நோக்கமா, தம் திரையின் வெட்டா என்பதை இவ்வரியைக் கொண்டே பிரித்தறிய முடியும். இப்பிரித்தறிதல் இன்றி எழுதப்படும் காட்சி விளக்கம், ஒரு பிரதியின் எழுத்துப்பிழைக்கு உரை வகுப்பதற்கு ஒப்பாகிவிடும்.

10. முடிவுரை

இவ்வாய்வின் வழி எட்டப்பட்ட கருத்துகள் பின்வருமாறு.

திரை விகிதமும் பார்வைக்கோணமும் கணித அடிப்படையில் பிணைந்தவை. விகிதம் மாறும்போது ஒரு கோணத்தையேனும் மாற்றாமல் காட்சியின் வடிவத்தைக் காத்தல் இயலாது. எக்கோணம் நிலையாக இருக்க வேண்டும் என்பதை உருவாக்குவோர் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். மென்பொருளின் இயல்பமைவிற்கு விட்டுவிடுதல் தகாது.

கிடைத்திரைகளுக்குக் குத்துக்கோணத்தை நிலைநிறுத்தும் அகல விரிவு முறை பொதுவாகப் பொருந்தும். நெடுக்குத் திரைகளுக்குக் கிடைக்கோணத்தில் கீழ்வரம்பு தேவை. போட்டி விளையாட்டுகளுக்குக் காட்சிப்பரப்பில் மேல்வரம்பு தேவை. தனியாள் விளையாட்டுகளில் கோணத்தை மாற்றும் வசதி வேண்டும்.

விளையாட்டுகளை ஆராய்வோர் தாம் கண்ட திரையின் விகிதத்தையும் கோணத்தையும் காட்சிச் சான்றுடன் பதிய வேண்டும். இதனை ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் நெறியாகக் கொள்வதற்குத் துறைகளும் நெறியாளர்களும் துணைபுரிதல் வேண்டும். தமிழ் நிலக்காட்சிகளைக் கொண்ட விளையாட்டுகள் பெருகும் காலத்தில், அவற்றைப் பற்றிய முதல் தலைமுறை ஆய்வுகள் சரிபார்க்கத்தக்கனவாக அமைய இப்பதிவே அடிப்படையாகும்.